சத்தம் போடாத பெல்ட்

இப்போது கார் வைத்திருக்கிறவர்களுக்குப் பொனட்டைத் திறக்கவே தெரியாது. நாம் திறந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஃபேன் பெல்ட் கத்துகிறதாம், எதையாவது அடித்துச் சத்தத்தை நிறுத்து பாஸ் என்பார்கள். அதற்கென்று டப்பாவில் ஒரு மருந்து வந்திருக்கிறது. பீச்சி அடித்தால் கத்தாதாம். ஏன் கத்துகிறது என்று கேட்க ஒருவனுக்கும் பொறுமை கிடையாது. போன கிழமை வங்கியில் வேலை செய்கிற ஒருத்தன் வந்தான். பெல்ட்டை விரலால் அமத்திக் காட்டி, இவ்வளவு தொய்ந்திருக்கிறது, இறுக்க வேண்டும் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை, டப்பா இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, போ என்றேன். முதலாளிக்கு என்மேல் கோபம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கத்துகிற பெல்ட்டால் ஆள் சாகிறதில்லை. கத்தாத பெல்ட் ஒன்றினால் ஒரு குடும்பம் நடு ரோட்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காரை ஓட்டினவனே நான்தான்.

எண்பத்திமூன்றாம் வருஷம் ஆடி மாதம். அப்போதும் நான் கண்டியை ஒட்டின இதே அம்பிட்டியவில், இதே சாஹுல் ஹமீது முதலாளியின் கராஜில்தான் வேலை. பிறந்தது ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில். மலையில் புல்லு வெட்டுகிறதைவிட ஸ்பேனர் பிடிக்கிறது மேல் என்று பதினாறு வயதில் கீழே இறங்கி வந்தவன். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் சிங்களவர்கள். அதனால் சிங்களம் எனக்குத் தமிழ் மாதிரியே வரும். பேச்சை வைத்து என்னைத் தமிழன் என்று ஒருவனும் கண்டுபிடித்ததில்லை.

கண்டியில் தமிழர் கடைகளை எரித்து மூன்றாம் நாள். ஊரடங்கைக் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் தளர்த்துவதாக ரேடியோவில் சொன்னார்கள். முதலாளி என்னைக் கராஜின் பின்னறையில் வைத்து வெளியே பூட்டியிருந்தார். டயர்களுக்கு நடுவில் கிடந்தேன். ஒன்பதே கால் இருக்கும், பின் ஜன்னலை யாரோ தட்டினார்கள். பார்த்தால் நவரட்ணராஜா ஐயா.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க். அம்பிட்டிய மேட்டில் வாடகை வீடு. அவருடைய ஏ-ஃபோர்ட்டி காரைப் பத்து வருஷமாக நான்தான் பார்த்து வந்தேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருநாளும் கண்டதில்லை. அன்றைக்கு நெற்றி வெறுமையாக இருந்தது. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அழகமுத்து, காரை ஒருக்கால் வந்து பாரும்" என்றார். பத்து வருஷமாக 'வா', 'பார்', 'போ'தான். அன்றைக்கு 'பாரும்'.

"எங்கயும் போறீங்களா ஐயா?"

"கலகெதரைக்கு. றிஸ்வி எண்டு ஒரு கடைக்காரர், எனக்கு நல்ல பழக்கம். அவரின்ரை லொறி நாளைக்கு விடியப் புத்தளத்துக்குப் போகுதாம். தன்ரை ஆக்களோடை எங்களையும் ஏத்தி விடுறன் எண்டவர். பன்ரண்டு மணிக்குள்ளை அவரின்ரை வாசலுக்குப் போய்ச் சேரவேணும். இண்டைக்கு விட்டால் பிறகு இல்லை."

"கார் ஓடுதா?"

"ஓடுது. ஆனால் கத்துது. ஸ்டார்ட் பண்ணினால் அம்பிட்டிய முழுக்கக் கேக்கும்."

முதலாளி அதற்குள் வந்துவிட்டார். "அழகு, போகாத மகன். ரோட்டுல என்னா நடக்கிதுண்டு ஒத்தருக்கும் தெரியா. நீ இங்க ஈக்கிறதே நான் பொஞ்சாதிக்கும் சொல்லல்ல" என்றார். பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். ஐயாமேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒன்பது பதினாறு ஸ்பேனரையும் சுத்தியலையும் இடுப்புச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு போனேன்.

கார் போர்ட்டிகோவில் நின்றது. ஐயாவின் மனைவி பத்மாதேவி அம்மா வாசலில். பதினைந்து வயது மகள் கமலாசனி பள்ளிக்கூட உடுப்போடு கதவுக்குப் பின்னால். பள்ளிக்கூடம் ஏது அன்றைக்கு? பார்க்கிறவன் சிங்களப் பிள்ளை என்று நினைக்கட்டும் என்று வெள்ளைக் கவுனைப் போட்டு விட்டிருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தேன். கத்தியது பாருங்கள், பன்றியை அறுக்கிற மாதிரி. பக்கத்து வளவில் நாய் குரைத்தது. வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. அந்த வீட்டு மனிதர் வருஷப் பிறப்புக்கு இந்த வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்புகிறவர்தான். அன்றைக்குப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். நல்லவரோ கெட்டவரோ, எனக்குத் தெரியாது. தலையை இழுத்துக்கொண்டது மட்டும் தெரியும். நான் உடனே எஞ்சினை நிறுத்தினேன்.

பொனட்டைத் திறந்து, டைனமோவுக்கும் ஃபேனுக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் அமத்தினேன். ஒன்றரை அங்குலம் உள்ளே போனது. அரை அங்குலம்தான் போக வேண்டும். பெல்ட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. தொய்ந்த பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் மினுங்கும், மினுங்கினால் இன்னும் வழுக்கும். மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிறதுக்கு பெல்ட் எங்கே? பெல்ட் விற்கிற கடை டவுனில் கரியாகக் கிடந்தது.

டைனமோவைத் தாங்குகிற இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். மேலே நீளத் துளை போட்ட ஒரு தகடு இருக்கும், அதன் போல்ட்டையும் தளர்த்தினேன். சுத்தியல் பிடியை உள்ளே கொடுத்து டைனமோவை வெளிப்பக்கம் நெம்பினேன். பெல்ட் இழுபட்டு நின்றதும் மேல் போல்ட்டை முறுக்கி, பிறகு கீழே இரண்டையும் முறுக்கினேன். விரலால் அமத்தினேன். அரை அங்குலம். ஃபேன் தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. வாட்டர் பம்ப்பின் பேரிங் தேய்ந்துகொண்டு வருகிறது. இன்னும் ஒரு வருஷம் போகும், மெதுவாக நடத்தினால்.

மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். கத்தியது, ஆனால் கொஞ்ச நேரம்தான். பெல்ட் சூடு பிடித்ததும் அடங்கிவிட்டது.

"இன்னும் கத்துதே" என்றார் ஐயா.

"அஞ்சு எண்ணுறதுக்குள்ள நின்னுரும்ங்க. அதுக்கப்புறம் சத்தமே இருக்காது."

"அந்த அஞ்சு எண்ணுறதுக்குள்ளை ஊரே வந்திடும். இன்னும் இறுக்கும்."

"இறுக்க மாட்டேங்க."

"ஏன்?"

"இதுக்கு மேல இறுக்கினா பம்ப் பேரிங் பிச்சுக்கிட்டுப் போயிரும். கட்டுகஸ்தோட்டை தாண்ட மாட்டீங்க."

"நீர் சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது?"

"நம்பாதீங்க. நானுந்தான் உங்கள நம்பல."

அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டது. தாய் அதட்டினார். மூன்று நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பாக இருக்கும்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பெல்ட்டை இறுக்கினால், எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, கை கழுவி வந்து இரண்டாவது தடவை அமத்திப் பார்ப்பேன். முதல் தடவை சரியாக இருந்தது ஓடின பிறகு இளகியிருக்கும். அப்படிப் பார்க்காமல் ஒரு காரையும் நான் வெளியே விட்டதில்லை. அன்றைக்கும் எஞ்சினை நிறுத்தினேன். பொனட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளிக் குழாயில் கை கழுவினேன்.

திரும்பினால் பத்மாதேவி அம்மா நிற்கிறார். "உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்கிறார்.

பத்து வருஷமாக அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி குழாயடியில்தான். தகர டம்ளர் ஒன்று எனக்கென்று கம்பியில் தொங்கும். குடித்துவிட்டு நானே கழுவித் திரும்பத் தொங்கவிட வேண்டும். அதற்காக நான் சண்டை போட்டதில்லை. அவர்கள் அப்படி, நாம் இப்படி என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ஹாலுக்குள் கதிரை காட்டினார். பீங்கான் கோப்பை, கீழே சாசர். எனக்கு அந்தக் கோப்பையிலும் நம்பிக்கை வரவில்லை. காரியம் ஆக வேண்டும், அதனால் கோப்பை வருகிறது. அது தெரிந்தும் உட்கார்ந்தேன். முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

அம்மா அடுப்பு வேலைக்குக் குசினிக்குள் போய்விட்டார். ஐயா முன் கதிரையில் நுனியில் இருந்தார்.

"அழகமுத்து, நான் ஓட்டினால் மறிக்கிற இடத்திலை கதைக்க வேணும். என்ரை சிங்களம் உமக்குத் தெரியும்தானே."

தெரியும். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தும் நாலு வார்த்தை பேசினால் யாழ்ப்பாணம் வெளியே வந்துவிடும்.

"நீர் ஓட்டும். கலகெதரையிலை எங்களை இறக்கிவிட்டு, விருப்பமெண்டால் நீரும் எங்களோடை லொறியிலை வாரும்."

"அங்க வந்து நான் என்னத்தப் பண்ணுறது? உங்க ஊர்லயும் எனக்குத் தகர டம்ளர்தான்."

அவருக்குக் காது சிவந்தது. எழுந்து, பெட்டி ஏற்றப் போகிறேன் என்று வெளியே போனார். நான் கோப்பையில் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் ஆறுதலாகக் குடித்தேன்.

வெளியே வந்தபோது பொனட் மூடியிருந்தது. ஐயா டிக்கியில் ஒரு தகரப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அதில் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரம், அவருடைய சேவிஸ் கடிதங்கள், மகளின் சேட்டிபிக்கட்டுகள் எல்லாம் இருப்பதாகச் சொன்னார். மணி பத்தாகிவிட்டது, ஏறும் என்றார். பொனட்டைத் திரும்பத் திறந்து அமத்திப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மூடிவிட்டார்களே, சரி என்று ஏறிவிட்டேன். டம்ளர் கதை சொல்லி அவர் காதைச் சிவக்க வைத்த மிதப்பு வேறு.

ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரு சத்தம் இல்லை. எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது.

"பாத்தீங்களா? அரை அங்குலம்னா அரை அங்குலந்தான்" என்றேன்.

"நல்லது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பின் சீட்டில் தாயும் மகளும். முன்னால் என் பக்கத்தில் ஐயா, மடியில் ஒரு சிங்களப் பத்திரிகை. காருக்குள் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. அம்மா தலைக்கு வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

வாவிக்கரையால் இறங்கி டவுனைத் தாண்டினோம். ரோட்டில் கண்ணாடித் துண்டு. நான் டயரைப் பார்த்துத்தான் ஓட்டினேன், கடைகளைப் பார்க்கவில்லை. ஐயா பார்த்தார். அது யாருடைய கடை, இது யாருடைய கடை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா பின்னாலிருந்து, "பேசாமல் வாங்கோ" என்றார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது டாஷ்போர்டில் சிவப்பு லைட் பற்றியது. டைனமோ சுற்றவில்லை என்று அர்த்தம். பெல்ட் வழுக்குகிறது. போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டேனா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நிறுத்திப் பார்க்கலாம் என்றால் பாலத்தில் ஆமிக்காரர்கள். அவர்களைத் தாண்டிச் சந்தியில் ஒரு கூட்டம். அதில் இரண்டு பேர் கையில் சைக்கிள் செயின்.

ஆமிக்காரன் எட்டிப் பார்த்தான். எங்கே என்றான். கலகெதரையில் பெரியம்மாவுக்கு நோய் கடுமை, பார்க்கப் போகிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். "போ, போ, பன்னிரண்டுக்கு முன்னாலே திரும்பு" என்றான். சந்தியிலும் ஒருவன் கையைக் காட்டினான். நான் ஹோர்னை அடித்து, அவனுக்கு ஒரு பகிடி சொல்லிவிட்டுப் போனேன். அவன் சிரித்தான்.

சந்தி கழிந்து ஒரு மைல் போனதும் கேட்டேன். "ஐயா, பெல்ட்டைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடுறன்?"

"நெசமா?"

"ஐசே, உம்மடை பிழையை என்ரை தலையிலை கட்டாதையும்."

நிறுத்த இடம் பார்த்துக்கொண்டே போனேன். எங்கே பார்த்தாலும் ஆள் நடமாட்டம். ஊரடங்கு விட்ட நேரம், சனம் எல்லாம் சாமான் வாங்க ரோட்டில். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கலகெதரைக்கு இரண்டு மைல் கிட்ட வந்துவிட்டோம். அங்கே ஒரு மேடு. பாதி ஏறும்போது பொனட்டின் இடுக்கால் ஆவி வந்தது. மேட்டின் தலையில், ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், எஞ்சின் தானாக நின்றது. நிற்கக் கூடாத இடம் எதுவோ அங்கேதான் நின்றது.

இறங்கிப் பொனட்டைத் திறந்தேன். முகத்தில் அடித்தது ஆவி இல்லை, வாசம். நல்லெண்ணெய் காய்கிற வாசம். பெல்ட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் வழிந்து, புல்லிச் சக்கரத்தில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. என் போல்ட்டுகள் மூன்றும் வைத்த இடத்தில் அசையாமல் இருந்தன. அரை அங்குலம் அப்படியே. எண்ணெய் பட்ட பெல்ட் கத்தாது. கத்தாமல் வழுக்கும். ஃபேனும் சுற்றாது, பம்ப்பும் சுற்றாது, தண்ணீர் கொதிக்கும். என் கை வேலை என்று பீற்றிக்கொண்டேனே, அந்த அமைதி எண்ணெய் வேலை.

திரும்பி ஐயாவைப் பார்த்தேன். அவர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

சாரத்தின் ஓரத்தால் பெல்ட்டைத் துடைத்தேன். ரோட்டுப் புழுதியை அள்ளித் தேய்த்தேன். ரேடியேட்டர் ஆறுவதற்குக் குறைந்தது இருபது நிமிஷம் வேண்டும், தண்ணீர் வேண்டும். கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர். கேட்கிறதுக்கு முதலே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவன் இளவயது, சிவப்புச் சட்டை. பொனட்டுக்குள் தலையை நீட்டினான். மூக்கை உறிஞ்சினான்.

"என்ன பாஸ், இது காரா, தமிழன் கோவிலா? விளக்குக் கொளுத்தின வாசம் வருது" என்று சிங்களத்தில் சொன்னான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒயில் முடிஞ்சுது, வீட்டிலே கிடந்ததை ஊத்தினேன்" என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். எந்த வீட்டில் நல்லெண்ணெய் போத்தல் கிடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அவன் யோசித்தான். சிரிப்பு அவன் வாயில் அப்படியே இருந்தது, கண் காருக்குள் போனது.

"தங்கச்சி, பேர் என்ன?" என்று பிள்ளையிடம் கேட்டான்.

"கமலா" என்றது பிள்ளை. கெட்டிக்காரப் பிள்ளை. பேரைப் பாதியில் வெட்டிச் சிங்களப் பேராக்கிவிட்டது.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் என்னைப் பார்த்தார். நான் ஒரு பேரைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். பிறகு ஐயாவின் தலைகீழ்ப் பத்திரிகையைப் பார்த்தான். கடைக்குப் பின்னால் போகிற பாதையில் இறங்கிப் போனான். மற்ற இரண்டு பேரும் அவன் பின்னால் போனார்கள்.

வாளி கொண்டுவந்த கிழவர் மட்டும் நின்றார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிக் குனிந்து என் காதில் சொன்னார். "ஆள் கூட்டிவரப் போகிறான். இந்தப் பொம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கொக்கோத் தோட்டத்தால் நட. ரோட்டில் போகாதே. அந்தப் பாதை கலகெதரைப் பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் போய் ஏறும்." சொல்லிவிட்டு வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை நான் நம்பவில்லை. ஆனால் வேறு வழி இருந்தால் அல்லவா.

"இறங்குங்க எல்லாரும். நடக்கணும்" என்றேன்.

அம்மாவும் பிள்ளையும் இறங்கினார்கள். ஐயா டிக்கிப் பக்கம் போனார்.

"ஐயா, பெட்டிய விடுங்க!"

"அதுக்குள்ளை எல்லாம் கிடக்கு, அழகமுத்து. உறுதி, பிள்ளையின்ரை சேட்டிபிக்கட் எல்லாம். அது இல்லாட்டி நாங்கள் எங்கை போய் என்னெண்டு நிக்கிறது? நீர் இவையளைக் கூட்டிக்கொண்டு போம். நான் பின்னாலை வாறன்."

"வாங்கோவேனப்பா!" என்று அம்மா கத்தினார்.

"கத்தாதை. ரெண்டு நிமிசம். வாறன்."

டிக்கிப் பூட்டு எப்போதும் சிக்கும். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கொக்கோ மரங்களுக்குள் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் சாவியைப் போட்டு அசைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மைலை ஒரு மணித்தியாலம் நடந்தோம். அம்மா பத்து அடிக்கு ஒரு தரம் நின்று பின்னால் பார்த்தார். பிள்ளைதான் இழுத்துக்கொண்டு வந்தது. ஒருதரம் தூரத்தில் கூச்சல் கேட்டது. சந்தைச் சத்தம் என்றேன். அன்றைக்குச் சந்தை இல்லை என்று அவருக்கும் தெரியும்.

றிஸ்வி முதலாளி பின் கதவைத் திறந்து எங்களை உள்ளுக்கு இழுத்தார். "வாங்கோ, வாங்கோ. தண்ணி குடிங்கோ மகள். ஐயா எங்க?" என்றார். பின்னால் வருகிறார் என்றேன். பன்னிரண்டு மணிக்கு ஊரடங்குச் சங்கு ஊதியது. றிஸ்வி முதலாளி கதவைச் சாத்தவில்லை, திறந்தபடியே வைத்திருந்தார். ஒரு மணி. இரண்டு மணி. பிறகு அவருடைய மனைவி அனீஸா வந்து மெதுவாகச் சாத்தினார்.

விடியப் போக வேண்டிய லொறியை றிஸ்வி முதலாளி மறித்து வைத்தார். அடுத்த நாள் ஊரடங்கு விட்டபோது தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கார் எரிந்து கிடக்கிறது, டிக்கி திறந்து கிடக்கிறது, பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை என்றார். ரத்தம் இருந்ததா என்று பிள்ளை கேட்டது. மழை பெய்துவிட்டது மகள், தெரியவில்லை என்றார். அந்தக் கடையில் விசாரித்தால் யாரும் ஒன்றும் காணவில்லையாம். பொலிசில் எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் இல்லை. அகதி முகாம் என்று வைத்திருந்த பள்ளிக்கூடங்களில் இல்லை. எங்கேயும் இல்லை.

மூன்றாம் நாள் தாயையும் மகளையும் லொறியில் ஏற்றும்போது அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "கார் ஏன் நிண்டது?"

"பெல்ட்டுக்கு யாரோ நல்லெண்ணெய் போட்டிருக்காங்கம்மா."

அவர் லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லொறி போய்விட்டது. நான் நாலு நாள் கழித்துத் திரும்பி அம்பிட்டியவுக்கு வந்து, திரும்பவும் டயர்களுக்கு நடுவில் படுத்தேன்.

அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. வந்தது வந்ததுதான், இன்னும் போகவில்லை. எட்டு வருஷம் கழித்து ஒரு காலையில் பத்மாதேவி அம்மா கராஜுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஐயாவின் அலுவலகத்தில் பென்ஷன் கேட்டுப் போனால், ஆள் செத்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். செத்தவர் எண்டு ஆர் சொன்னது, காணவில்லை எண்டுதானே எழுதித் தந்தனான் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அதற்காக ஒவ்வொரு வருஷமும் வந்து போவதாகச் சொன்னார். மகள் கொழும்பில் யாரோ வீட்டில் இருக்கிறாளாம். படிக்கவில்லையாம்.

நான் ஒரு வேனின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். கையை எடுக்கவில்லை.

"அழகமுத்து, உங்களுக்கு ஒண்டு சொல்லத்தான் வந்தனான். அண்டைக்கு எண்ணெய் போட்டது நான்."

"நீங்களா?"

"ஓம். அவருக்குத் தெரியாது. தையல் மெசின் கத்தினால் ரெண்டு சொட்டு விடுறனாங்கள்தானே, கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான். அப்பிடி எண்டு நினைச்சன். ரெண்டு சொட்டில்லை, கனக்க விட்டிட்டன். அவர் போட்டது எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறியள். அப்பிடி நினைக்கக் கூடாது."

"நான் ஹால்ல உக்காந்திருந்தேன். என்னத் தாண்டி நீங்க போகலியே."

"குசினிக் கதவாலை, கிணத்தடியைச் சுத்தி வந்தனான்."

"சரி. பொனட்ட யாரு மூடினது?"

"நான்தான்."

"அந்தக் கம்ப எங்க வச்சீங்க?"

"எந்தக் கம்பு?"

அந்தக் காரின் பொனட்டை ஒரு கம்பு தாங்கிக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றிப் பக்கத்தில் உள்ள கொக்கியில் மாட்டாமல் மூட முடியாது. கை வைத்தவனுக்கு அது மறக்காது. எட்டு வருஷத்தில் மறந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கு இரண்டாவது தடவை அமத்திப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் விரல் வழுக்கியிருக்கும், போர்ட்டிகோவிலேயே துடைத்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அதை இதுவரைக்கும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் திரும்பி வரப் போகிறாரா?

"என்னை நம்புறியளோ, அழகமுத்து?"

"நேரமாச்சும்மா. உங்க பஸ்ஸு போயிரும்" என்றேன்.

ஸ்பேனரை வேனின் மேலேயே வைத்துவிட்டு, அவரைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன். பின்னால் மறுபடி கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. சந்தி வரைக்கும் நடந்தேன். அந்தம்மா போட்டிருக்க மாட்டார். ஐயாதான் போட்டார்.